வீட்டுக் கொம்பியூட்டருக்குள்ள ஊராக்களின்ர உறுதி: வெராகிரிப்ட் ரெண்டு வருசம் பாவிச்ச அனுபவம்

வெராகிரிப்ட் எண்டது பைல்களைப் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டி வைக்கிற ஒரு சொஃப்ட்வெயார். நான் யாழ்ப்பாணத்தில, கோண்டாவில்ல வீட்டில இருந்தபடி மொழிபெயர்ப்பு வேலை செய்யிறன். விசாவுக்குப் போடுற ஆக்கள், வெளிநாட்டில படிக்கப் போற பிள்ளையள், ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிடுற குடும்பங்கள் எண்டு ஒவ்வொரு நாளும் ஆராவது வருவினம், இல்லாட்டி வட்ஸ்அப்பில அனுப்புவினம். பேர்த் சேட்டிபிக்கற், கலியாணப் பதிவு, காணி உறுதி, வங்கிக் கணக்கு, விவாகரத்துத் தீர்ப்பு, ஆஸ்பத்திரி ரிப்போட், விதானையார் குடுத்த கடிதம், எல்லாம் என்ர கொம்பியூட்டருக்குள்ளதான் வந்து விழும். என்ர கொம்பியூட்டர் எண்டு சொல்லுறன், ஆனா அது ஹோலுக்குள்ள கிடக்கு, நாங்கள் நாலு பேரும் அதைத்தான் பாவிக்கிறம், மகன் ஏ.எல் படிக்கிறான், மகளுக்கு சூம் ரியூசன், இவர் பின்னேரத்தில ஏதும் பார்ப்பார், லீவு நாளில அண்ணான்ர பெடியனும் வந்து அதுக்கு முன்னால குந்தியிருப்பான். இன்னொண்டு வாங்குற வசதி 2022க்குப் பிறகு எங்களுக்கு வரேல்ல, அந்த வருசம் லப்டொப் விலை போன போக்கு இஞ்ச எல்லாருக்கும் தெரியும்.

இதுக்குள்ள என்ன பெரிய ரகசியம் கிடக்கு எண்டு கன பேர் கேக்கினம். ஒரு அடையாள அட்டை நம்பரை மட்டும் எடுத்துப் பாருங்கோ. பழைய நம்பரில முதல் ரெண்டு இலக்கம் பிறந்த வருசம், அடுத்த மூண்டு இலக்கம் அந்த வருசத்தில எத்தினையாவது நாள் எண்டது, பெண்ணெண்டால் அந்த நாள் கணக்கோட 500 கூட்டியிருக்கும். 83 எண்டு தொடங்கி அடுத்து 532 எண்டு நிண்டால் அவா ஒரு பெண், பிறந்தது 1983, 32வது நாள், அதாவது பெப்ரவரி முதலாந் திகதி. 2016இல வந்த 12 இலக்கப் புது நம்பரிலயும் இதே கணக்குத்தான், வருசம் மட்டும் நாலு இலக்கமா முன்னுக்கு நிக்கும். அட்டையைப் பார்க்கத் தேவையில்லை, நம்பர் ஒண்டே ஒராளின்ர பிறந்த நாளைச் சொல்லிப்போடும். அதோட தாய்க்காரியின்ர பேர், காணி எல்லை, வங்கியில எவ்வளவு கிடக்கு எண்டதும் ஒரே ஃபோல்டருக்குள்ள இருந்தால் யோசிச்சுப் பாருங்கோ.

நான் இதில கவனமெடுக்கத் தொடங்கினது ஒரு பிழைக்குப் பிறகுதான். மகன்ர வகுப்புப் பெடியன் ஒருத்தன் ரியூசன் நோட்ஸ் பிறிண்ட் எடுக்க வந்தவன், வேர்டைத் திறந்தவுடன கடைசியா வேலை செய்த பைல்களின்ர பேர் வரிசையா வந்து நிண்டிருக்கு. நான் அப்ப பைலுக்கு ஆளின்ர பேரையும் விசயத்தையும் சேர்த்துப் பேர் வைக்கிறனான், இன்னார் விவாகரத்து எண்டு. அவன் ஒரு பைலையும் திறந்து பார்க்கேல்ல, திறக்கத் தேவையும் இருக்கேல்ல, பேரே காணும். அந்த விவாகரத்துப் பைலுக்குரிய பிள்ளை அவன்ர ஒழுங்கையில இருக்கிறவா. ஒரு கிழமை கழிச்சு அவா என்ர படலையடியில வந்து நிண்டு, அக்கா நான் இதை உங்களிட்ட மட்டும்தானே தந்தனான் எண்டு கேட்டவா. சத்தம் போடேல்ல, அழேல்ல, அதை மட்டும் கேட்டிட்டு நிண்டவா. எனக்கு மறுமொழி இல்லை. அவான்ர வீட்டில அது இன்னும் தகப்பனுக்குக் கூடச் சொல்லாத விசயம்.

அதுக்குப் பிறகு நான் கண்ட வழியெல்லாம் செய்து பார்த்தன். ஃபோல்டரை ஹிடன் ஆக்கினன், மகள் வியூ எண்ட இடத்தில போய் ஒரு சரி போட்டு அரை நிமிசத்தில கண்டுபிடிச்சிட்டாள். பிறகு ஆளாளுக்குத் தனி யூசர் எக்கவுண்ட் போட்டன், பிள்ளையளுக்கு ஸ்டாண்டட், எனக்கு மட்டும் அட்மின், பாஸ்வேர்ட்டோட. இதை எல்லாரும் முதல் செய்யுங்கோ, வெராகிரிப்ட் போட்டாலும் சரி போடாட்டிலும் சரி, சதமும் செலவில்லை, பிள்ளையின்ர எக்கவுண்டில இருந்து உங்கட டொக்கியூமென்ற்ஸ் ஃபோல்டரைத் திறக்க விண்டோஸ் விடாது. ஆனா அது வீட்டுக்குள்ள மட்டும் நிக்கிற வேலி. ஹார்ட் டிஸ்கைக் கழட்டி இன்னொரு மெசினில கொழுவினால், இல்லாட்டி லினக்ஸ் போட்ட பென் ட்ரைவால மெசினைத் தொடக்கினால், அந்த வேலி இல்லை, எல்லாம் அப்பிடியே திறக்கும். கொம்பியூட்டர் பழுதாப் போனால் ரவுணுக்குக் கொண்டுபோய்க் குடுத்திட்டு ரெண்டு மூண்டு நாள் விட்டிட்டு வாற ஆக்கள் நாங்கள், அந்த மூண்டு நாளும் அதுக்குள்ள இருக்கிறது எல்லாம் திறந்தபடிதான் கிடக்கும். திருத்துறவை நல்ல ஆக்களா இருப்பினம், ஆனா சனம் பத்திரத்தைத் தந்தது என்னட்ட, அவையளிட்ட இல்லை.

முழு டிஸ்கையும் பூட்டுற பிட்லொக்கர் எண்டு ஒண்டு விண்டோசுக்குள்ளயே இருக்கே எண்டு மகன் கேட்டான். ஓம், நல்ல சாமான், ஆனா முழு பிட்லொக்கர் ஹோம் பதிப்பில இல்லை, புரோவில இருக்கு. அதோட பிட்லொக்கர் போட்ட டிஸ்க் மெசின் தொடங்கினவுடன எல்லாருக்குமா ஒரேயடியாத் திறந்திடும். களவு போற லப்டொப்புக்கு அது அருமையான காவல், ஆனா என்ர பிரச்சினை களவு போறது மட்டுமில்லை, அதே கதிரையில அடுத்ததா வந்து இருக்கிற என்ர சொந்த ஆக்களும் அவையின்ர சிநேகிதரும்தான். வேர்டில பைலுக்குப் பாஸ்வேர்ட் போடலாம், இப்பத்தைய வேர்ட் பைலுக்கு அது நல்ல பலமான பூட்டு, ஆனா எனக்கு வாறதில பாதிக்கு மேல ஸ்கான் பண்ணின படமும் பிடிஎஃபும். பைல்களை ஒண்டாக் கட்டுற செவன்சிப் எண்ட சொஃப்ட்வெயாரில பாஸ்வேர்ட் போட்டுக் கட்டி வைக்கலாம், ஆளுக்கு ஈமெயிலில அனுப்பேக்க நான் இப்பவும் அதைத்தான் செய்யிறன், ஏ-ஈ-எஸ் 256 எண்ட பூட்டு முறையைத் தெரிவு செய்து, பைல் பேரையும் மறைக்கிற ஒப்சனுக்குச் சரி போட்டு. ஆனா நாளுக்கு இருவது தரம் கட்டிக் கட்டி அவிழ்க்க ஏலாது, அதோட உள்ளுக்கிருந்தபடி ஒரு பைலைத் திறந்தால் அது ரெம்ப் எண்ட தற்காலிக ஃபோல்டரில ஒரு கொப்பியை விரிச்சு வைச்சுத்தான் காட்டும்.

அப்பிடித்தான் வெராகிரிப்டுக்கு வந்தனான்.

இது என்ன செய்யும் எண்டால், உங்கட டிஸ்கில ஒரு பெரிய பைலை உண்டாக்கும். வெளியில இருந்து பார்த்தால் அது வெறும் பைல், திறந்தால் குப்பை எழுத்து. வெராகிரிப்டுக்குள்ள போய் அதைத் தெரிவு செய்து பாஸ்வேர்டைக் குடுத்தால் ஒரு புது ட்ரைவ் வந்து நிக்கும், நான் எம் எண்ட எழுத்தைக் குடுத்திருக்கிறன், பென் ட்ரைவ் குத்தினது மாதிரியே இருக்கும். அதுக்குள்ள ஃபோல்டர் போடலாம், வேர்ட் பைலைத் திறந்து அங்கயே வேலை செய்யலாம், ஸ்கானரில இருந்து நேரா அதுக்குள்ள சேவ் பண்ணலாம். வேலை முடிஞ்சு டிஸ்மவுண்ட் (புதுப் பதிப்பில அன்மவுண்ட்) குடுத்தால் ட்ரைவ் மறைஞ்சு போகும், திரும்ப அந்தக் குப்பை பைல் மட்டும்தான். அலுமாரிக்குள்ள லாச்சி, லாச்சிக்குத் தனித் திறப்பு.

காசு இல்லை, விண்டோஸ், மக், லினக்ஸ் மூண்டிலயும் ஓடும், மூல நிரலைப் பார்க்க விரும்பினால் ஆரும் எடுத்துப் பார்க்கலாம். இதுக்கு முதல் ட்ரூகிரிப்ட் எண்டு ஒண்டு இருந்தது, 2014 மே மாசம் அதைச் செய்தவையே இனி இது பாதுகாப்பில்லை எண்டு தங்கட பக்கத்தில போட்டிட்டு விட்டிட்டினம். அதின்ர நிரலில இருந்து 2013இலயே முனீர் இத்ராசி எண்டவர் தொடங்கினதுதான் வெராகிரிப்ட். 2016இல குவார்க்ஸ்லப் எண்ட நிறுவனம் இதை வடிவா ஆராய்ஞ்சு பாரதூரமான ஓட்டையள் உட்பட கன குறை கண்டுபிடிச்சது, அதில அநேகமானதை அடுத்த பதிப்பிலயே அடைச்சவை. குறை கண்டுபிடிச்சது எண்டதால எனக்கு இதில நம்பிக்கை கூடினது, ஒருத்தரும் பார்க்காத பூட்டை விட நாலு பேர் உடைச்சுப் பார்த்த பூட்டு நல்லது. இறக்கேக்க அவையின்ர சொந்தத் தளத்தில இருந்து மட்டும் இறக்குங்கோ, ஆரோ பென் ட்ரைவில வைச்சிருக்கிற கொப்பியை வாங்கிப் போடாதேங்கோ.

போடுறது கஷ்டமில்லை. நான் 10 ஜீபியில அப்பிடி ஒரு பைல் செய்தன், அதைப் பெட்டி எண்டுதான் சொல்லுறனான், ஏ-ஈ-எஸ் எண்ட பூட்டு முறையையும் பாஸ்வேர்டை அரைக்கிற ஷா-512ஐயும் அதுவாகவே தெரிவு செய்து தந்தது, நான் மாத்தேல்ல. பாஸ்வேர்ட் 20 எழுத்துக்குக் குறைஞ்சால் இது சின்னன் எண்டு எச்சரிக்கும், கேளுங்கோ. பிறகு ஒரு ஜன்னல் வந்து மௌசைக் கண்டபடி ஆட்டச் சொல்லும், கீழ ஒரு கோடு சிவப்பில இருந்து பச்சையாகுமட்டும். நான் அதை விளையாட்டு எண்டு நினைச்சன், பிறகுதான் விளங்கினது, நாங்கள் ஆட்டுற ஆட்டத்தில இருந்துதான் அது ஆரும் ஊகிக்க ஏலாத இலக்கங்களை எடுத்துத் திறப்புச் செய்யுது, அப்ப மினக்கெட்டு ஒரு நிமிசம் வடிவா ஆட்டுங்கோ. பைல் சிஸ்டம் கேக்கேக்க என்ரிஎஃப்எஸ் குடுங்கோ, ஃபட் எண்டு குடுத்தால் 4 ஜீபிக்குப் பெரிய பைல் உள்ளுக்குப் போகாது.

திறக்கக் கொஞ்சம் நேரமெடுக்கும், எங்கட பழைய மெசினில பாஸ்வேர்ட் குடுத்தாப் பிறகு சில விநாடி நிக்க வேணும். முதல் கிழமை எனக்கு அது எரிச்சலா இருந்தது. காரணம் என்னெண்டால் நீங்கள் குடுக்கிற பாஸ்வேர்டை அது உடன திறப்பாப் பாவிக்கிறதில்லை, 5 இலட்சம் தரம் திருப்பித் திருப்பி அரைச்சுத்தான் திறப்பை எடுக்கும். உங்களுக்கு அது ஒரு தரம் நாலு விநாடி, ஆனா ஒவ்வொரு பாஸ்வேர்டா ஊகிச்சுப் பார்க்கிறவனுக்கு ஒவ்வொரு ஊகத்துக்கும் அவ்வளவு அரைச்சல். இது தெரிஞ்சாப் பிறகு எனக்கு அந்த நாலு விநாடி பெரிசாத் தெரியிறதில்லை.

இனிக் குறையளுக்கு வாறன், ஏனெண்டால் இதைப் போட்டவுடன எல்லாம் சரி எண்டு இருந்திட்டால் நான் பட்டது மாதிரித்தான் படுவியள்.

முதலாவது, பெட்டி திறந்திருக்கிற நேரம் அது உங்களுக்கு மட்டும் திறந்திருக்கிறதில்லை. இதை நான் பின்னேரம் ஒருக்காக் கண்டன். எம் ட்ரைவைத் திறந்தபடி விட்டிட்டு தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனன், மகன் வந்து சுவிச் யூசர் குடுத்து தன்ர எக்கவுண்டுக்குள்ள போனவன். தேத்தண்ணியோட வந்து பார்த்தால் அவன்ர திரையில, அவன்ர எக்கவுண்டில, திஸ் பிசிக்குள்ள எம் ட்ரைவ் நிக்குது. அம்மா இது என்ன புது ட்ரைவ் எண்டு அவன் கேக்கிறான், கை மௌசில. நான் கப்பை மேசையில வைச்ச வேகத்தில பாதித் தேத்தண்ணி கீபோட்டில. இது சொஃப்ட்வெயாரின்ர பிழை இல்லை, அவையின்ர விளக்கக் கையேட்டிலயே எழுதிக் கிடக்கு, திறந்த பெட்டி உள்ளுக்கு லொகின் பண்ணியிருக்கிற எல்லாருக்கும் தெரியும், யூசர் மாத்துறதால அது பூட்டுப்படாது எண்டு. நான் தான் வாசிக்கேல்ல.

அதுக்கு வழியும் அதுக்குள்ளயே இருக்கு. செற்றிங்ஸில பிரிஃபரன்சஸ் எண்ட இடத்துக்குப் போங்கோ, ஓட்டோ டிஸ்மவுண்ட் (புதுப் பதிப்பில ஓட்டோ அன்மவுண்ட்) எண்டு ஒரு பகுதி. யூசர் லொக் ஓஃப் பண்ணினால், திரையை லொக் பண்ணினால், ஸ்கிரீன் சேவர் வந்தால், மெசின் நித்திரைக்குப் போனால், இவ்வளவு நிமிசம் ஒண்டும் வாசிக்காமல் எழுதாமல் இருந்தால், எப்பெப்ப தானாப் பூட்ட வேணும் எண்டு ஒவ்வொண்டுக்கும் சரி போடலாம். நான் எல்லாத்துக்கும் போட்டன், நிமிசத்துக்கு 10 குடுத்தன். இப்ப கதிரையால எழும்பேக்க விண்டோஸ் பட்டனையும் எல் எழுத்தையும் சேர்த்து அமத்துறன், அவ்வளவுதான், திரையும் பூட்டு பெட்டியும் பூட்டு, பிறகு ஆர் வந்து யூசர் மாத்தினாலும் எம் ட்ரைவ் இல்லை. ஒரு கவனம், பைல் திறந்திருந்தாலும் பலவந்தமாப் பூட்டுற ஒப்சன் ஒண்டும் அதோட இருக்கு, அது இல்லாட்டி வேர்ட் திறந்தபடி கிடந்தால் பெட்டி பூட்டாமலே நிண்டிடும், அது இருந்தால் சேவ் பண்ணாத வேலை போயிடும். நான் அதையும் போட்டுத்தான் வைச்சிருக்கிறன், எழும்ப முதல் கண்ட்ரோல் எஸ் அடிக்கிறது இப்ப கைக்குப் பழகிட்டுது.

ரெண்டாவது, ஒருத்தரும் எனக்குச் சொல்லித் தராதது. வெராகிரிப்ட் மற்றவை வாசிக்கிறதைத் தடுக்கும், அழிக்கிறதைத் தடுக்காது. வெளியில அது ஒரு பைல்தானே. போன வருசம் ஓகஸ்ட் லீவுக்கு வந்த அண்ணான்ர பெடியன் கேம் ஒண்டு போட இடம் காணாமல் டி ட்ரைவில பெரிய பைலாத் தேடியிருக்கிறான், 10 ஜீபியில என்னெண்டு தெரியாத ஒண்டு கிடக்கு, திறந்து பார்த்தால் திறக்கேல்ல, பழுதாப்போன பைல் எண்டு நினைச்சு ஷிஃப்ட் டிலீற். அவனைக் குறை சொல்ல ஏலாது, பிள்ளை, அவனுக்கு ஒருத்தரும் சொல்லேல்ல. எனக்கு அந்த நேரம் நெஞ்சு அடைச்சுப்போச்சு, பதினொரு பேரின்ர வேலை அதுக்குள்ள. வெளி ஹார்ட் டிஸ்கில மூண்டு நாளைக்கு முதல் எடுத்த கொப்பி கிடந்ததால தப்பினன், மூண்டு நாள் வேலையைத் திரும்பச் செய்தன். இப்ப அந்தப் பைல் என்ர யூசர் ஃபோல்டருக்குள்ள இருக்கு, மற்ற எக்கவுண்டில இருந்து தொட ஏலாது, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வெளி டிஸ்கில கொப்பி. கொப்பியும் பூட்டினபடிதான் இருக்கும், அதால டிஸ்கைத் துலைச்சாலும் பயமில்லை.

கூகிள் ட்ரைவில போட்டு வைக்கலாமே எண்டால், போடலாம், ஆனா ஒரு விசயம். வெராகிரிப்ட் தன்ர பெட்டியின்ர திகதியை மாத்தாமலே வைக்கும், உள்ளுக்கு நீங்கள் எவ்வளவு வேலை செய்தாலும் வெளியில பழைய திகதிதான், அதைப் பார்த்து மாற்றம் ஒண்டுமில்லை எண்டு நினைச்சு மேல ஏத்தாமல் விட்டிடலாம். பிரிஃபரன்சஸில அந்தத் திகதியைக் காக்கிற ஒப்சன்ர சரியை எடுத்துவிட வேணும். எடுத்தாலும் 10 ஜீபியையும் திரும்பத் திரும்ப ஏத்துறது எங்கட டேட்டாவுக்கு நடக்கிற காரியமில்லை. கிளவுட் தான் வேணும் எண்டால் கிரிப்டோமேட்டர் பொருத்தம், ஜேர்மனிக்காரர் செய்தது, ஒவ்வொரு பைலையும் தனித்தனியாப் பூட்டும், மாறினதை மட்டும் ஏத்தும், கொம்பியூட்டருக்கு இலவசம். போனில திறக்க வேணும் எண்டாலும் அதுதான், வெராகிரிப்ட்காரரின்ர சொந்த ஆப் போனுக்கு இல்லை.

மூண்டாவதுதான் எனக்கு எல்லாத்திலும் பெரிசு, பெட்டிக்கு வெளியில சிந்துறது. ஒழுங்கைப் பிள்ளையின்ர விசயம் வெளியில போனது ஒரு பைலும் திறக்காமல்தானே. பெட்டியைப் பூட்டி வைச்சிட்டு வேர்டைத் திறந்தால் அந்தப் பேர் வரிசை இப்பவும் அப்பிடியே வரும், பைல் திறக்காது, ஆனா பேர் தெரியும். வேர்ட் ஒப்சன்ஸில அட்வான்ஸ்டுக்குப் போய் ரீசென்ட் டொக்கியூமென்ற்ஸ் எண்ட இடத்தில பூச்சியம் குடுங்கோ. விண்டோஸ் செற்றிங்ஸில பேர்சனலைசேசனுக்குள்ள ஸ்டார்ட் எண்ட இடத்திலயும் கடைசியாத் திறந்ததைக் காட்டுறதை நிப்பாட்டுங்கோ. வேர்ட் பத்து நிமிசத்துக்கு ஒருக்கா ஓட்டோ ரிக்கவர் எண்டு ஒரு கொப்பி எடுக்கும், அது போய் விழுறது சி ட்ரைவில, பெட்டிக்குள்ள இல்லை, நான் அந்த இடத்தை எம் ட்ரைவுக்கு மாத்தினன், ஒப்சன்ஸில சேவ் எண்ட பக்கத்தில இருக்கு. குரோமில ஒவ்வொரு தரமும் எங்க சேவ் பண்ணுறது எண்டு கேக்கச் சொல்லி வைச்சிருக்கிறன், இல்லாட்டி வட்ஸ்அப்பில வாற உறுதியெல்லாம் டவுன்லோட்ஸுக்குள்ள போய்க் குவியும். பிறிண்டரின்ர புரொப்பட்டீசில பிறிண்ட் பண்ணினதை வைச்சிருக்கிற ஒரு ஒப்சன் இருக்கு, அதில சரி போட்டிருக்கா எண்டும் ஒருக்காப் பாருங்கோ. பைல் பேரையும் மாத்திட்டன், இப்ப ஆளின்ர பேர் இல்லை, றிசீற் நம்பர் மட்டும்.

பெட்டிக்குள்ள மாத்தினாப் பிறகு வெளியில இருந்த பழைய பைலை அழிச்சால் அது போயிட்டுது எண்டும் நினைக்காதேங்கோ. நான் எல்லாம் அழிச்சு றீசைக்கிள் பின்னையும் துப்புரவாக்கிப் போட்டு, அழிஞ்சதை மீட்கிற இலவச சொஃப்ட்வெயார் ஒண்டை ஓட்டிப் பார்த்தன், ஒரு மணித்தியாலத்தில பழைய பேர்த் சேட்டிபிக்கற்றுகள் ஒவ்வொண்டா எழும்பி வந்தது, ஸ்கான் பண்ணின முத்திரை கூடத் தெளிவா. விண்டோஸிலயே சைஃபர் எண்டு ஒரு கட்டளை இருக்கு, வெறும் இடத்தை மேலால எழுதி அழிக்கும், அதை இரவிரவா ஓட விட்டன், பிறகு தேடினால் ஒண்டும் திறக்கேல்ல. எங்கட பழைய ஹார்ட் டிஸ்க் எண்டதால சரி, எஸ்எஸ்டி எண்ட, சுத்தாத புதுவகை டிஸ்க் எண்டால் அது தன்பாட்டில இடம் மாத்தி மாத்தி எழுதுறதால இப்பிடி அழிஞ்சுது எண்டு உறுதியாச் சொல்ல ஏலாது. அதால எஸ்எஸ்டி உள்ள ஆக்கள் முதல் நாளே பெட்டியைச் செய்துபோட்டு அதுக்குள்ளயே சேவ் பண்ணத் தொடங்குங்கோ.

பாஸ்வேர்ட் மறந்தால் முடிஞ்சுது. போன் எடுத்துக் கேக்க ஆளில்லை, ஈமெயிலுக்கு லிங்க் வராது, செய்தவராலயும் திறக்க ஏலாது, அதுதான் இதின்ர பலம். நான் அம்மம்மா அடிக்கடி சொல்லுற ஒரு முழு வசனத்தை இங்கிலிஸ் எழுத்தில ரைப் பண்ணுறன், நீளமா இருக்கும், எனக்கு மறக்காது, வேற ஒருத்தருக்கும் அதை எப்பிடி எழுத்துக்கூட்டுறன் எண்டு தெரியாது. அதை ஒரு துண்டில எழுதி, கடித உறையில ஒட்டி, எங்கட வீட்டு உறுதியோட அலுமாரிக்குள்ள வைச்சிருக்கிறன். 95 ஒக்டோபர் கடைசியில இடம்பெயரேக்க அம்மா உடுப்பை விட்டிட்டு அந்த உறுதிக்கட்டைத்தான் பொலித்தீனில சுத்தி இடுப்பில கட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலம் கடந்தவா. அந்தக் கட்டுக்குள்ள இருக்கிறது துலையாது எண்டு எனக்கு ஒரு நம்பிக்கை.

கரண்ட் போனால் என்ன நடக்கும் எண்டு கேட்டவைக்கு: மெசின் நிண்டவுடன பெட்டியும் பூட்டுப்படும், திரும்ப வந்து பாஸ்வேர்ட் குடுத்தால்தான் திறக்கும். 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் வெட்டின காலத்தில இது என்னட்ட இல்லை, ஆனா 2025 பெப்ரவரி 9 நாடு முழுக்கக் கரண்ட் போன அண்டைக்கு நான் வேலையில இருந்தனான், எழுதிக்கொண்டிருந்த ஒரு பைல் மட்டும் பழுதானது, பெட்டிக்கு ஒண்டுமில்லை. சின்ன யூபிஎஸ் இருந்தால் நல்லது.

ஒரு பெட்டிக்குள்ள இன்னொரு ரகசியப் பெட்டி வைக்கிற வசதியும் இருக்கு, நான் பாவிக்கேல்ல, வெளிப் பெட்டிக்குள்ள கவனமில்லாமல் எழுதினால் உள்பெட்டி பழுதாகும், எங்களை மாதிரி வீட்டு வேலைக்கு அது வேண்டாம்.

கொமினிகேசன் கடை மெசினில இதைப் பாவிக்கலாமோ எண்டு ரெண்டு பேர் கேட்டவை. பென் ட்ரைவில போட்டு ஓட்டுற வகை இருக்கு, ஆனா அதுக்கு அந்த மெசினில அட்மின் உரிமை வேணும். அதைவிடப் பெரிய விசயம், அங்க நீங்கள் ரைப் பண்ணுற பாஸ்வேர்டை ஏதும் சொஃப்ட்வெயார் பதிஞ்சுகொண்டிருந்தால் எந்தப் பூட்டாலயும் பிரயோசனமில்லை. ஒரு கடையில நான் பிறிண்ட் எடுக்கப் போய் அந்த மெசினின்ர டெஸ்க்டொப்பில ஆற்றையோ பாஸ்போட் பக்கங்கள் ஆறோ ஏழோ வரிசையாக் கிடந்ததைப் பார்த்தனான், போட்டோவோட. கடைக்காரர் கெட்டவர் இல்லை, அழிக்க நேரமில்லை அவருக்கு, வரிசையில சனம். அங்க போய்த்தான் ஆக வேணும் எண்டால் வட்ஸ்அப் வெப்பைத் திறந்து விடாதேங்கோ, திறந்தால் உங்கட போனில லிங்க்ட் டிவைசஸ் எண்ட இடத்தில போய் அந்த இடத்திலயே கழட்டிப்போட்டு வாங்கோ, குடுத்த பைலை உங்கட கண்ணுக்கு முன்னால அழிக்கச் சொல்லுங்கோ, றீசைக்கிள் பின்னையும். கேக்க வெக்கப்படாதேங்கோ.

அஞ்சுக்கு நாலு குடுப்பன். ஒண்டைக் குறைச்சது ஏனெண்டால் முக்கியமான ஒப்சன்களை நாங்களே போய்த் தேடிப் போட வேண்டிக் கிடக்கு, தானாப் பூட்டுறதை முதல் நாளே கேட்டு வைச்சிருந்தால் என்ர தேத்தண்ணி கீபோட்டில ஊத்துப்பட்டிருக்காது. மற்றும்படி மொழிபெயர்ப்பாளர், கணக்குப் பார்க்கிற ஆக்கள், நொத்தாரிசுகளின்ர கிளாக்மார், ரியூசன் சென்ரரில பிள்ளையளின்ர விபரம் வைச்சிருக்கிறவை எல்லாரும் இதைப் போடுங்கோ எண்டு கெஞ்சிக் கேக்கிறன். ஆக்களின்ர தரவைக் காக்கிறதுக்கு 2022இன் 9ஆம் இலக்கச் சட்டம் எண்டு ஒண்டும் வந்திருக்கு, சட்டம் வராட்டிலும் அந்தப் பிள்ளை படலையடியில நிண்டது எனக்குக் காணும்.

போன மாசம் இணுவில்ல இருந்து ஒரு அன்ரி வந்தவா, புருசன்ர மரணச் சான்றிதழும் காணி உறுதியும் கனடாவில இருக்கிற மகனுக்கு அனுப்ப. எல்லாம் ஸ்கான் பண்ணி முடிய, பிள்ளை, உது உங்கட பெட்டிக்குள்ள எவ்வளவு நாள் கிடக்கும் எண்டு கேட்டவா. திருத்தம் ஏதும் கேட்டால் எண்டு மூண்டு மாசம் வைச்சிருப்பன் அன்ரி, பிறகு கொப்பியோட சேர்த்து அழிச்சுப்போடுவன் எண்டு சொன்னன். அப்ப அதை எழுதித் தாருமன் எண்டவா. றிசீற்றின்ர அடியில திகதியைப் போட்டுக் கையெழுத்து வைச்சுக் குடுத்தன், அண்டையில இருந்து எல்லாற்ர றிசீற்றிலயும் போடுறன். அவான்ர திகதி வாற மாசம் 14, கலண்டரில வட்டம் போட்டு வைச்சிருக்கிறன்.